வரிசை மாடுகளும் மலைக்கு வந்த வண்டியும்

பட்டிக்குச் சாவி என்று ஒன்று கிடையாது. இருந்திருந்தால் போன தை மாதம் உங்கள் மூன்று பேர் கையில் கொடுத்திருப்பேன். படலைத் திறந்துவிட்டு நான் ஒதுங்கி நின்றேன், அவ்வளவுதான் நடந்தது. அன்றிலிருந்து மாடுகள் உங்கள் பொறுப்பு. ஆடுகள் உங்கள் பொறுப்பு. எதை வாங்குவது, எதை மாற்றுவது என்பதும் உங்கள் பொறுப்பு. பெரியவன் ஒன்று சொல்கிறான், நடுவில் பிறந்தவள் இன்னொன்று சொல்கிறாள், சின்னவன் இரண்டுக்கும் தலையாட்டுகிறான். கடைசியில் மூன்று பேரும் என்னிடம் வந்து, அப்பா என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறீர்கள்.

நான் வாங்குங்கள் என்றும் சொல்லப்போவதில்லை, வேண்டாம் என்றும் சொல்லப்போவதில்லை. முதன்முதலில் நான் ஒரு புதுச் சாமானை இந்தப் பட்டிக்குக் கொண்டுவந்தபோது என்ன நடந்தது என்பதை எழுதி வைக்கிறேன். வாயால் சொன்னால் உங்கள் அம்மா குறுக்கே பேசுவாள். அவள் பேசினால் அவள் சொல்வதுதான் சரியாக இருக்கும், ஆனால் கதை முடியாது.

அப்போது நீங்கள் யாரும் பிறக்கவில்லை. முதல் உலகச் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருக்கும். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். வாசலூர்பட்டிக்கு மேற்கே, இப்போது நீங்கள் இருக்கும் இதே இடம்தான். எட்டுப் பசு, முப்பதுக்குக் கொஞ்சம் மேலே ஆடு, நான்கு பொதிமாடு. மலைக்கு ரோடு இன்றைக்கும் இல்லை, அன்றைக்கும் இல்லை. சேந்தமங்கலம் சந்தைக்குப் போவதென்றால் நெய்யையும் மிளகையும் பொதியாகக் கட்டி, மாட்டின் முதுகில் இருபுறமும் தொங்கவிட்டு, ஒற்றையடிப் பாதையில் இறங்க வேண்டும். திரும்பும்போது உப்பும் பருத்திக்கொட்டையும் அதே முதுகில் ஏறி வரும். சந்தை இல்லாத நாட்களில் அதே மாடுகள் எருவும் புல்லும் சுமக்கும்.

அந்த நான்குக்கும் ஒரு வரிசை உண்டு. முன்னால் போவது மணிமாடு. அதன் கழுத்தில் மட்டும்தான் மணி. அதன் வாலுக்குப் பின்னால் மயிலை. மயிலைக்குப் பின்னால் செவலை, செவலைக்குப் பின்னால் காரி. இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நம் பாதையில் இரண்டு மாடு பக்கம் பக்கமாக நிற்க இடம் கிடையாது, ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை. அதனால் கன்றாக இருந்த நாளிலிருந்து ஒன்றன் பின் ஒன்றாகவே நடந்து பழகியிருந்தன. நல்ல அகலமான இடத்தில் தண்ணீர் குடிக்கப் போனாலும் வரிசையில் நின்றுதான் குடிக்கும். நான் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். யோசித்ததில்லை.

ஒரு நாள் சந்தையில் ஒரு மாட்டு வண்டியை நின்று பார்த்தேன். அதற்கு முன் எத்தனையோ வண்டி பார்த்திருக்கிறேன், அன்றைக்குத்தான் அதன் மேல் ஏற்றியிருந்த சோளத்தட்டுக் கட்டுகளை எண்ணினேன். எங்கள் நான்கு மாடும் நாள் முழுக்கச் சுமக்கும் சுமையை அந்த வண்டி ஒரே நடையில் கொண்டுபோனது. இழுத்ததோ இரண்டே மாடு. மலைப்பாதையில் வண்டி ஏறாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் எப்படியாவது மேலே கொண்டுவந்து சேர்த்துவிட்டால், புல்லுக்காட்டிலிருந்து பட்டி வரை நிலம் ஓரளவு சமமாகத்தானே இருக்கிறது, அங்கே ஓட்டலாம் என்று தோன்றியது.

அடிவாரத்தில் ஓர் ஆசாரி இருந்தார். அவரிடம் பேசினேன். வண்டிக்கு ஈடாகச் செவலையையும் காரியையும் கொடுப்பது என்று முடிவாயிற்று. வண்டி இழுக்க இரண்டு மாடு போதும் என்றால் மற்ற இரண்டுக்கும் இனி என்ன வேலை என்பது என் கணக்கு. கணக்கில் தப்பில்லை. மாடுகளைக் கேட்கவில்லை, அதுதான் குறை.

உங்கள் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "வண்டி வந்து ஒரு மாசம் ஓடட்டுங்க. அப்புறமா அதுங்கள ஓட்டிக்கிட்டுப் போய்க் குடுங்க."

ஆசாரி அதுவரை காத்திருக்க மாட்டார் என்றேன். ஆசாரி காத்திருப்பார். நான்தான் காத்திருக்க மாட்டேன்.

வண்டி தயாரானதும் உங்கள் மாமன், அதாவது அம்மாவின் அண்ணன், பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். வண்டியைக் கழற்றினோம். ஒரு சக்கரத்துக்கு இரண்டு பேர், அதன் நடுக்குடத்தின் ஓட்டையில் மூங்கிலை நுழைத்துத் தோளில் தூக்கினார்கள். மேல்தட்டை நான்கு பேர், நீளமான ஏர்க்காலை ஒருவர், இரும்பு அச்சை ஒருவர். நான் நுகத்தடியைத் தூக்கிக்கொண்டேன். மாமன் எதையும் தூக்காமல், யார் எங்கே கால் வைப்பது என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாதி மலையில் எல்லாரும் சக்கரத்தைச் சாய்த்து வைத்துவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தோம்.

"ஏனுங்க மாப்ள," என்றார் மாமன். "இந்த வண்டி எதுக்குன்னு சொன்னீங்க?"

"சொம தூக்கத்தான் மச்சான்."

"செரி," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப யாரு தூக்கறதுன்னு பாத்தீங்களா?" என்றார்.

பத்துப் பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் நான் வண்டிக்குச் சொந்தக்காரன் என்பதால் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை வண்டியைப் பூட்டி முடித்தபோது ஊரே வந்து நின்றது. மணிமாட்டை இடப்பக்கமும் மயிலையை வலப்பக்கமும் நிறுத்தி, நுகத்தை வைத்து, கழுத்துக்கயிறுகளைக் கட்டினேன். தட்டிக்கொடுத்து ஒரு குரல் கொடுத்தேன். மணிமாடு நடந்தது. மயிலை நின்றது. அது பயப்படவில்லை, முரண்டு பிடிக்கவும் இல்லை. மணிமாடு முன்னால் போய் முடிக்கட்டும், பிறகு நாம் போகலாம் என்று மரியாதையாகக் காத்திருந்தது. மணிமாடு போகப் போக நுகம் திரும்பியது, நுகத்தோடு வண்டி திரும்பியது. மயிலையை நடுவில் வைத்து ஒரு முழு வட்டம் போட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது.

"சாமி சுத்தி வந்தாச்சு. திருநீறு குடுங்க," என்றார் மாமன்.

இடம் மாற்றிக் கட்டினேன். வட்டம் எதிர்ப்பக்கமாகப் போனது. அடுத்த நாள், மணிதான் காரணம் என்று நினைத்து அதைக் கழற்றி மயிலையின் கழுத்தில் கட்டினேன். மயிலை தலையை ஆட்டியது, மணி கேட்டது, முன்னால் யார் போகிறார்கள் என்று பார்த்தது. முன்னால் யாரும் இல்லை. அதனால் நின்றது. மணிமாட்டுக்குத் தன் கழுத்தில் மணி கேட்கவில்லை, இன்னும் பயணம் தொடங்கவில்லை என்று அதுவும் நின்றது. அன்றைக்கு வட்டமும் இல்லை.

இப்படிப் பன்னிரண்டு நாள் போயின. இது வெறும் வேடிக்கையாக இருந்திருந்தால் எழுதியே இருக்க மாட்டேன். அது மாசி மாதம். புல்லுக்காட்டில் அறுத்துப் போட்ட புல் காய்ந்து கிடந்தது. அடுத்த மழை விழுந்து புதுப்புல் தலைகாட்டும் வரை எட்டுப் பசுவுக்கும் அதுதான் உணவு. ஒவ்வொரு வருஷமும் மாசிக் கடைசியில் மலையில் தீ வரும். யார் வைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் எல்லாருக்கும் சங்கடம். தீ வருவதற்குள் புல்லைப் பட்டிக்குக் கொண்டுவந்து போராகப் போட்டுவிட வேண்டும். போடாவிட்டால் பசுக்களைக் கீழ்நாட்டுக்கு ஓட்டிப்போய் யாரிடமாவது கொடுத்துவிட வேண்டியதுதான். கீழே போன மலைப்பசு திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. எட்டும் போய்விட்டால் பட்டி என்று சொல்ல ஆடுகளும் இரண்டு எருதும் ஒரு வண்டியும்தான் மிஞ்சும்.

நான்கு பொதிமாடு இருந்த வருஷங்களில் பதினைந்து நாளில் புல் வந்து சேர்ந்துவிடும். இப்போது இரண்டுதான். அந்த இரண்டின் மேலாவது பொதி ஏற்றியிருக்கலாம். ஏற்றியிருந்தால் பன்னிரண்டு நாளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகவாவது வந்திருக்கும். ஏன் ஏற்றவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். ஏற்றினால் வண்டி தோற்றுவிட்டது என்று ஊர் சொல்லும். அதற்காகத்தான். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதாவிட்டால் மற்றதெல்லாம் எழுதிப் பிரயோஜனமில்லை. புதுச் சாமான் வாங்கினவன் முதல் மாதத்தில் செய்யும் வேலையில் பாதி, வாங்கியது சரி என்று காட்டுவதற்காகவே செய்யப்படுகிறது. நான் மாடு பழக்கிக்கொண்டிருந்த பன்னிரண்டு நாளும் உங்கள் அம்மா தலையில் புல் சுமந்து வந்துகொண்டிருந்தாள்.

பதின்மூன்றாம் நாள் காலையில் எதிர்மலையில் புகை தெரிந்தது.

அவள் தலைச்சுமையை இறக்கிவிட்டு, நான் மறுபடியும் மயிலையை நுகத்துக்கு இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. களைத்திருந்தாள்.

"ஏனுங்க, அது பின்னால போகோணும்னுதானே பாக்குது?" என்றாள். "போகட்டுமே."

"பின்னால போனா வண்டி எப்படி ஓடும்?"

"வண்டி அதுக்கும் பின்னால வரட்டும்."

எனக்கு அப்போதுதான் ஜட்கா நினைவுக்கு வந்தது. சேந்தமங்கலத்தில் ஜட்கா வண்டியை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் இரண்டு மரம், நடுவில் ஒரே குதிரை. நூறு முறை பார்த்த எனக்குத் தோன்றவில்லை. உங்கள் அம்மா ஜட்காவைப் பார்த்ததே இல்லை. அவள் மயிலையைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

ஏர்க்காலைக் கழற்றினோம். இரண்டு கல்மூங்கிலை வெட்டி வண்டியின் இரு பக்கமும் நீட்டிக் கட்டினோம். நடுவில் மயிலையை நிறுத்தினோம். மூங்கில் முனைகளிலிருந்து நீளமாகக் கயிறு விட்டு, முன்னால் மணிமாட்டைக் கட்டினோம். மயிலை விலகிவிடக்கூடாது என்று நான் கழுத்திலும் மார்பிலும் வயிற்றிலும் தொடைக்குப் பின்னாலும் கற்றாழை நார்க்கயிற்றால் இறுக்கினேன். மொத்தம் ஏழு முடிச்சு. ஒவ்வொன்றையும் காலை ஊன்றி இழுத்துப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது.

மணியை மணிமாட்டுக்கே கட்டினோம். அது நடந்தது. மயிலை தன் இடம் திரும்பக் கிடைத்துவிட்டது என்பது போல அதன் வாலுக்குப் பின்னால் நடந்தது. அதன் பின்னால் வண்டி வந்தது. இரண்டு மாட்டுக்கும் தாங்கள் வண்டி இழுக்கிறோம் என்று தெரிந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான்கு நாளில் ஒன்பது நடை அடித்தோம். பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் இறக்கத்தில் வண்டி ஓடிப்போய் மயிலையின் காலில் இடிக்கப் பார்த்தது. அதற்கு ஒரு கனமான கட்டையைப் பின்னால் கட்டி இழுக்கவிட்டோம். கட்டை தரையில் உராய்ந்து வண்டியை நிதானப்படுத்தியது. அதுவும் நல்ல யோசனைதான். அது என்னுடைய யோசனை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் அது தேவைப்படும்.

நான்காம் நாள் தீ நம் பக்கம் வந்துவிட்டது. முந்தின நாள் ஓடை ஓரமாக ஏறி, கீழ்ப்பாதையின் இரு பக்கமும் எரித்துவிட்டு அடங்கியிருந்தது. இப்போது காற்று மாறி, மேற்புறத்திலிருந்து புல்லுக்காட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. மாமனும் இன்னும் சிலரும் பச்சைத்தழையால் அடித்து அதைத் தடுத்துக்கொண்டிருந்தார்கள். பிற்பகல் வெயில். காட்டில் இன்னும் நான்கைந்து நடைக்குப் புல் கிடந்தது. ஒரு நடை ஏற்றிவிட்டோம்.

பட்டிக்குத் திரும்ப இரண்டு பாதை. மேல்பாதை சமமானது, ஆனால் இரு பக்கமும் காய்ந்த புல் நிற்கிறது, தீ அதை நோக்கி வருகிறது. கீழ்ப்பாதை முழுவதும் இறக்கம், ஆனால் நேற்றே எரிந்து கறுப்பாகக் கிடக்கிறது. எரிந்த நிலம் இன்னொரு முறை எரியாது. மலையில் மாடு ஓட்டும் எவனைக் கேட்டாலும் தீ வரும்போது கருகிய நிலத்தில் இறங்கு என்றுதான் சொல்வான். நானும் பலமுறை பொதிமாட்டோடு அப்படி இறங்கியிருக்கிறேன். ஒரு ரோமம் கருகியதில்லை. நான் கீழ்ப்பாதை என்று சொன்னேன். உங்கள் அம்மாவும் சரி என்றாள். இந்த இடத்தில் அவளும் தப்புச் செய்தாள் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அவள் மணிமாட்டின் கயிற்றைப் பிடித்து முன்னால் நின்றாள், வண்டியின் பின்பக்கம் அவள் கண்ணில் படவில்லை. பின்பக்கம் என் பொறுப்பு.

இறக்கம் என்பதால் கட்டையைக் கட்டினேன். அது நேற்றுச் சாம்பல் மூடிய நிலத்தை உழுதுகொண்டு வந்தது. சாம்பலுக்கு அடியில் வேர்க்கட்டைகள் இன்னும் கனன்றுகொண்டிருந்தன. பொதிமாட்டின் குளம்பு அவற்றை மிதித்துவிட்டுப் போய்விடும், பொதியும் உயரத்தில் இருக்கும். கட்டையோ அவற்றைக் கிளறி, புரட்டி, காற்றுக்குக் காட்டியது. வண்டியின் பின்னால் புல் தரையைத் தொடுமளவு தொங்கிக்கொண்டிருந்தது. நான் மயிலையின் பக்கத்தில் நடந்தபடி, மேலே தெரிந்த பெரிய தீயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலிருந்து மாமன் கூப்பிட்டார். அவர் வாழ்நாளில் கேலி கலக்காமல் என்னிடம் பேசியது அந்த ஒரு முறைதான்.

"மாப்ள. பின்னால பாருங்க."

பார்த்தேன். பாரத்தின் பின்புறம் ஓர் ஆள் உயரத்துக்குத் தீப் பிடித்திருந்தது.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பதை மட்டும் கவனமாகப் படியுங்கள். வண்டியின் மேல் ஏறினேன். எரிகிற புல்லை மட்டும் தள்ளிவிட்டால் வண்டி பிழைத்துவிடும் என்று நினைத்தேன். இரண்டு மாட்டைக் கொடுத்து வாங்கிய வண்டி, பத்துப் பேர் தோளில் ஏறிவந்த வண்டி. இரண்டு கையாலும் வாரி வாரித் தள்ளினேன். தள்ளிய இடத்தில் காற்றுப் புகுந்து இன்னும் நன்றாக எரிந்தது. இதற்கெல்லாம் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு வெற்றிலை மடிக்கும் நேரம்கூட இருக்காது. அந்த நேரம் முழுக்க மயிலை மூங்கில்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. முன்னால் மணிமாடு நின்றதால் அதுவும் நின்றது.

அது கத்தியபோதுதான் கீழே குதித்தேன். முடிச்சை அவிழ்க்கப் போனேன். ஏழு முடிச்சும் நான் போட்டவை. ஒன்றும் அசையவில்லை. என் இடுப்பில் கொடுவாள் இருந்தது. அது இருப்பது எனக்குத் தெரியும், ஆனாலும் விரலால்தான் நோண்டிக்கொண்டிருந்தேன்.

உங்கள் அம்மா முன்னாலிருந்து ஓடிவந்தாள். என் இடுப்பிலிருந்து கொடுவாளை உருவினாள். முதலில் மணிமாட்டின் கயிற்றை வெட்டினாள். எனக்கு அது விளங்கவில்லை, எரிவது பின்னால் இருக்க முன்னால் வெட்டுகிறாளே என்று நினைத்தேன். மணிமாடு மணி ஒலிக்க இறக்கத்தில் ஓடியது. அது ஓடியதைப் பார்த்து மயிலையும் தன் பலம் முழுவதையும் போட்டு முன்னால் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் கயிறுகள் எல்லாம் விறைத்தன. விறைத்த கயிற்றின் மேல் அவள் வெட்டிக்கொண்டே போனாள். நான்கு வெட்டில் மாடு வெளியே போயிற்று. நின்ற மாட்டில் வெட்டியிருந்தால் தொய்ந்த கயிற்றில் வாள் நழுவித் தோலைக் கிழித்திருக்கும். இதையெல்லாம் அவள் யோசித்துச் செய்தாளா என்று பிறகு கேட்டேன். "எனக்கென்னங்க தெரியும், மணிமாடு போனாத்தானே அது போகும்," என்றாள்.

வண்டி எரிந்தது. நாங்கள் எட்ட நின்று பார்த்தோம். மாமன் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அன்றைக்கு எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. சக்கரத்தைச் சுற்றியிருந்த இரும்புப் பட்டாக்களும் அச்சும் மிஞ்சின. புல்லுக்காட்டில் கிடந்த மீதியைச் சாயங்காலத்துக்குள் தீ எடுத்துக்கொண்டது.

மயிலைக்கு இடுப்பும் ஒரு தொடையும் வெந்துவிட்டன, வாலில் பாதி போயிற்று. இரண்டு மாதம் கற்றாழைச் சோற்றைத் தடவிக்கொண்டிருந்தோம். பிழைத்தது. அந்த இடத்தில் மயிர் முளைக்கவே இல்லை. அதற்கப்புறம் மாமன் சுருட்டுப் பற்றவைத்தால் அது எழுந்து வேறு இடத்துக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். மாமனும் சில நாளில் வெளியே போய்ப் பற்றவைக்கப் பழகினார்.

நான் வண்டி வாங்கியது தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. நான்கு நாளில் ஒன்பது நடை அடித்த சாமானைத் தப்பு என்று எப்படிச் சொல்வது? செவலையையும் காரியையும் முன்னாலேயே கொடுத்தது தப்பு. மாடு செய்து காட்டியதைப் பன்னிரண்டு நாள் பார்க்காமல் இருந்தது தப்பு. எல்லாவற்றையும்விட, பொதிமாட்டுக்குச் சரியாக இருந்த பாதை வண்டிக்கும் சரியாக இருக்கும் என்று நினைத்தது பெரிய தப்பு. புதுச் சாமான் வந்தால் அதைப் பழகுவதோடு வேலை முடிவதில்லை. அதுவரை சரியாகத் தெரிந்து வைத்திருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, இது இன்னும் சரிதானா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இது சலிப்பான வேலை. யாரும் மெச்சமாட்டார்கள். ஆனால் தீ வருகிற நாளில் அதற்கு நேரம் இருக்காது, முன்னாலேயே செய்து வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. ஒரு சாமானை எப்படி ஓட்டுவது என்பதைக் காட்ட விற்கிறவனே ஆவலாக இருப்பான். எப்படி நிறுத்துவது, மாட்டையோ மனிதனையோ அதிலிருந்து எப்படிச் சட்டென்று வெளியே எடுப்பது என்பதை நாமாகத்தான் கேட்க வேண்டும். நான் ஏழு முடிச்சைப் போட்டபோது ஒரு முடிச்சைக்கூட அவிழ்த்துப் பார்க்கவில்லை.

மீதி இருப்பது எட்டுப் பசுவின் கதை. தீ அடங்கிய மறுநாள் உங்கள் அம்மா புல்போரைக் கையால் அளந்தாள். இரண்டு கையையும் விரித்து இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் மூன்று என்று சுற்றி வந்தாள். பிறகு ஒவ்வொரு பசுவின் முன்னாலும் நின்று பார்த்தாள். ஏழு பசுவுக்கு இழுத்துப் பிடித்தால் காணும், எட்டுக்குக் காணாது என்றாள்.

அவளே கொம்பு விரிந்த பசுவை அவிழ்த்தாள். எட்டில் அதுதான் நல்ல கறவை. ஏன் அதை என்று கேட்டேன்.

"புல்லு இல்லாம ஒண்ணு போகத்தானுங்க போவுது," என்றாள். "போறது வண்டியாத் திரும்பி வரட்டும். கெட்ட மாட்டக் குடுத்தா ஆசாரி நல்ல வண்டி செய்வாருங்களா?"

இரும்புப் பட்டாக்களையும் அச்சையும் மணிமாட்டின் முதுகில் கட்டினோம், பசு அதன் பின்னால் நடந்தது. இரண்டு பேரும் இறங்கினோம்.

ஆசாரியிடம் நான் பேசவில்லை. அவள்தான் பேசினாள். நடுவில் ஏர்க்கால் வேண்டாம், இரு பக்கமும் மரம் வையுங்கள், மேல்தட்டைச் சுருக்கி உயர்த்துங்கள், பின்னால் புல் தொங்கக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆசாரி கேட்டுக்கொண்டார். பிறகு அவள் ஒரு கயிற்றை எடுத்து அங்கே கிடந்த மரத்தில் ஒரு சுருக்குப் போட்டுக் காட்டி, மாடு பூட்டும் இடமெல்லாம் கயிறு இப்படி நிற்கும்படி முளை வைக்க வேண்டும் என்றாள். ஆசாரி அதன் நுனியை ஒரு விரலால் தொட்டு இழுத்தார். முழுக்கயிறும் கழன்று கீழே விழுந்தது.

"என்னம்மா இது, தொட்டாலே அவுந்துக்குது?" என்றார்.

"ஆமாங்க," என்றாள் உங்கள் அம்மா. "அதுக்குத்தானுங்க."